வெள்ளிக்கிழமை வலிக்காத கை

வீட்டோடு ஒட்டிய கராஜுக்கு வயரிங் பிளான் வரைவது, அடுத்தவர் வீட்டுச் சமையலறை வழியாக நடந்துபோய்ப் பின்கதவைத் திறந்து பார்க்கிற வேலை.

கம்ப்ரஸர் உறுமிக்கொண்டு கிளம்பும்போது வீட்டு பல்பு ஒரு நொடி மங்கி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி எரிகிற வீட்டில் நீங்கள் வாழ்ந்திருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்கு விளங்கும். ஃபிரிட்ஜ் விக்கும். டீவி அணைந்து வரும். "வெல்டிங் நடக்குது" என்று சொல்லிவிட்டு நீங்கள் தேங்காய் திருவிக்கொண்டிருப்பீர்கள். அப்படிப் பழகிப்போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாத்தளையில் ஓர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிறவளாக இருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு இந்த வேலை. வாகனம் திருத்துகிறவர்கள் வீட்டு முற்றத்தில் கூரை போட்டு, வெல்டிங் பிளான்ட், கம்ப்ரஸர், கிரைண்டர் என்று ஒவ்வொன்றாக வாங்கி வைப்பார்கள். எந்த மெஷினுக்கு எங்கிருந்து எந்தத் தடிப்பில் கேபிள் போகவேண்டும், எந்த சுவிட்ச் எங்கே இருக்கவேண்டும் என்று நான் வரைந்து கொடுப்பேன். அதைப் பார்த்து வயர் இழுப்பவர் குணபால பாஸ். கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். லைசன்ஸ் அவருடையது. படத்தின் மூலையில் இருக்கிற பெயர் என்னுடையது.

எது எது ஒன்றாக ஓடும்

பிளான் போடப் போனால் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: எந்தெந்த மெஷின் ஒரே நேரத்தில் ஓடும்? அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் கூட்டல்தான். பலாபத்வலையில் சிவலிங்கம் என்று ஒருவர் இருந்தார். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறிகளைத் திருத்துவார். அவரிடம் கேட்டபோது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "எனக்கு இருக்கிறது ரெண்டு கைதானுங்க மிஸ். ஒண்ணை நிப்பாட்டிட்டுத்தான் இன்னொண்ணைத் தொடுவேன்" என்றார். எழுதிக்கொண்டேன்.

எழுதிக்கொண்டு வந்தாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த வாரம் சொல்லாமல் போய் நின்றேன். அவர் வெல்டிங் பண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி கிரைண்டரில் பொறி பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். கம்ப்ரஸர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மனைவி பரமேஸ்வரி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய், கணக்கைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். என் வீட்டில் இப்போது ஒன்றாக ஓடுவது ஒரு பல்பும் ஒரு ஃபேனும்தான். அதனாலோ என்னவோ, இன்னொரு வீட்டின் கூட்டல் பெரிதாகப் பெரிதாக எனக்கு ஒரு சின்னப் பொறாமை வரும். அன்றைக்கு சிவலிங்கம் முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கை ரெண்டுதான் மிஸ், ஆனா லொறி மூணுல்ல நிக்குது."

கல்லுக்குள் ஓர் ஆள் உயரம்

மெஷினில் கசிகிற கரண்ட் மனித உடம்பைத் தேடிப் போகாமல் மண்ணுக்குப் போய்விட வேண்டும். அதற்காக ஒரு செப்புக் கம்பியை நிலத்துக்குள் அடித்து இறக்குவோம். எர்த் கம்பி. ஏறத்தாழ ஓர் ஆள் உயரம் இருக்கும். மாத்தளை மண்ணில் அது அரைவாசி இறங்கும், பிறகு கருங்கல்லில் முட்டும். அந்த இடத்தில் பலபேர் செய்கிறது எனக்குத் தெரியும். வெளியே நிற்கிற பகுதியை வாளால் அறுத்து எறிந்துவிட்டு, மேலே ஒரு சின்னச் சீமெந்து மூடி போட்டுவிடுவார்கள். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

சிவலிங்கத்தின் வளவில் குணபால பாஸ் மூன்று இடத்தில் அடித்துப் பார்த்தார். மூன்றும் கல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிவலிங்கத்தின் தம்பி, "பாஸ், அறுத்துடுங்க. மூடி போட்டா யாரு பார்க்கப் போறா?" என்றார். பாஸ் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் போனார். நான்காவது இடத்தில், வாழை மரத்தடி ஈரத்தில், கம்பி மெல்ல மெல்ல முழுதும் இறங்கியது. சுத்தியலை வைத்துவிட்டு, சிங்களம் கலந்த தன் தமிழில் அவர் சொன்னதை நான் அன்றைக்கே குறித்து வைத்தேன்.

"மண்ணுக்கு உள்ள போறது ஒருத்தருக்கும் தெரியாது மிஸ். கரண்டுக்குத் தெரியும்."

ஒரு துண்டு சிவப்பு வயர்

ட்ரிப் சுவிட்ச் என்பது எங்கள் தொழிலில் கடைசிக் காவல். கரண்ட் போகக்கூடாத இடத்துக்குக் கொஞ்சம் போனாலும் 'டக்' என்று விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அந்த 'டக்' வீட்டுக்காரரின் காதில் ஒரு கெட்ட வார்த்தை மாதிரி விழும். வேலை நின்றுபோகும், லொறி நின்றுபோகும், சாரதி முற்றத்தில் நின்று சத்தம் போடுவார். சிவலிங்கத்தின் கராஜில் ஒரு வாரம் அது விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. என்னிடமோ பாஸிடமோ அவர் சொல்லவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்தபடி, ட்ரிப் சுவிட்சுக்கு மேலே வருகிற வயரையும் கீழே போகிற வயரையும் ஒரு துண்டு சிவப்பு வயரால் நேரே இணைத்துவிட்டார். அதற்குப் பிறகு அது விழவில்லை. கரண்ட் அதைச் சுற்றிப் போனதால், விழுவதற்கு அதற்கு ஒன்றும் தெரிய வரவில்லை.

லொறி கழுவிய ஈரம் காயாத தரையில், வயர் உரிந்த கிரைண்டரோடு அவர் நின்றிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் போனபோது வாசலில் சாவு வீட்டுக் கதிரைகள் போட்டிருந்தார்கள். படத்தின் மூலையில் இருக்கிற என் பெயரைத் தவிர வேறெதுவும் அப்போது என் நினைவில் இருக்கவில்லை. ஏச்சு வாங்கத்தான் போனேன், வாங்கியிருந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்கும். பரமேஸ்வரி என் கையைப் பிடித்துக் கொண்டார்.

"நீங்க காவல் போட்டுதான் குடுத்தீங்க மிஸ். கழட்டுனது நாங்கதான்."

மேலே போகட்டும்

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நான் பிளான் எதுவும் வரையவில்லை. உக்குவளையிலிருந்து ஹனிபா நானா வந்து கூப்பிட்டபோதும் மாட்டேன் என்றுதான் சொல்லத் தொடங்கினேன். நானா என்றால் அண்ணன். வீட்டோடு கராஜ் வைத்து வேன் திருத்துகிறவர். அவருடைய கராஜுக்கு முதல் பிளான் போட்டதும் நாங்கள்தான். இப்போது வாகனத்தைத் தூக்குகிற இரண்டு தூண் லிஃப்ட் ஒன்று வாங்கியிருந்தார். இரண்டு வாரத்தில் வந்துவிடும், வந்ததும் பொருத்திப் பூட்டவேண்டும் என்றார். சொல்லும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

போய்ப் பார்த்தேன். தூண் நிற்கப்போகிற இரண்டு இடத்தையும் சோக்கால் வட்டம் போட்டு வைத்திருந்தார். வேன் மேலே போனால் கூரையில் எங்கே முட்டும் என்று அளந்தோம். நடுவில் தொங்குகிற பல்பைக் கழற்றச் சொன்னேன். வேனைத் தூக்கிய பிறகு அது வேனின் முதுகுக்குத்தான் வெளிச்சம் காட்டும், அடியில் நிற்கிற மனிதன் இருட்டில் நிற்பான். விளக்குகள் இரண்டு பக்கச் சுவரிலும் தாழ்வாக வரவேண்டும். லிஃப்ட் மோட்டருக்கு மெயின் போர்டிலிருந்து தனிக் கேபிள். நிறுத்துகிற சுவிட்ச் தூணுக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தூரத்தில். ஹனிபா நானா நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, அந்தச் சோக் வட்டத்தின் நடுவில் போய் நிமிர்ந்து நின்று பார்த்தார்.

"இருவது வருஷமா வேனுக்குக் கீழ படுத்தே கெடக்கிறேன் மிஸ். இனி அது மேல போகட்டும், நான் நிக்கிறேன்."

பயந்த சுபாவம்

மெயின் போர்டைத் திறக்காமல் பிளான் போட முடியாது. திறந்தேன். ட்ரிப் சுவிட்சின் தலையிலிருந்து காலுக்கு, ஒரு விரல் நீளத்தில், ஒரு துண்டு சிவப்பு வயர்.

கதிரை கேட்டு உட்கார்ந்தேன். "இதை யார் போட்டது நானா?" என்றேன். அவர் ஒளிக்கவில்லை. போன மழைக்கு அது ஒரு நாளில் நாலைந்து தடவை விழுந்ததாம். கஸ்டமர் நிற்கிறார், டயருக்குக் காற்றில்லை. ஆகவே தானே இணைத்துவிட்டாராம். பலாபத்வலைக் கதையைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டார். "அல்லாஹ் அவருக்கு நல்ல எடத்தக் குடுக்கட்டும்" என்றார். ஆனால் அந்த வயரை எடுக்கச் சம்மதிக்கவில்லை. எடுத்தால் மழைக்கு மறுபடி விழும், லிஃப்டில் வேன் பாதியில் நிற்கும் என்றார். அது ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்காமல் லிஃப்டுக்கு ஒரு கோடும் வரைய மாட்டேன் என்றேன். "நீங்க வரையாட்டி வேற ஆள் வரைவார் மிஸ்" என்றார் கோபமாக. கொஞ்ச நேரத்தில் அந்தக் கோபமும் தணிந்து, சுவிட்சைப் பார்த்து, வீட்டில் இருக்கிற ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அது ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் விழுது மிஸ். பயந்த சுபாவம்."

வெயிலில் நல்ல வயர்

கசிவைத் தேடுவது, வீட்டுக்குள் எங்கோ ஒரு குழாய் சொட்டுகிற சத்தத்தைப் பகல் இரைச்சலில் தேடுவது மாதிரி. ஒரு புதன்கிழமை காலையில் பாஸும் நானும் அதற்கென்றே போனோம். மெயினை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியாகக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தோம். வெல்டிங் பிளான்ட் சுத்தம். கிரைண்டர் சுத்தம். கம்ப்ரஸரைத் தேடினால், நான் வரைந்த இடத்தில் அது இல்லை. "அது எங்கே?" என்று கேட்டேன்.

ஹனிபா நானாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முன்பக்கத்து மதிலுக்கு அந்தப் பக்கம் மதரஸா. பிள்ளைகள் ஓதுகிற நேரத்தில் கம்ப்ரஸர் உறுமினால் ஓதுகிறது கேட்காதாம். யாரும் முறைப்பாடு சொல்லவில்லை. இவருக்கே மனம் கேட்கவில்லை. ஆகவே நோன்புக்கு முந்தின மாதம், கராஜின் பின்பக்கத்தில் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கி, கம்ப்ரஸரைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டார். கேபிளைச் சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கு வழியாகத் தானே இழுத்தார். நல்ல மனதோடு செய்த காரியத்தை நான் எப்படிக் குறை சொல்வது? பாஸ் அந்தக் கேபிளையும் அளந்தார். மீட்டர் முள் அசையவில்லை. மெயினைத் திரும்பப் போட்டோம். வேலை தொடங்கியது. பாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மேகம் இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னைக்கு வெயில் மிஸ். வெயில்ல எல்லா வயரும் நல்ல வயர்."

நல்ல நாள்

கசிவும் அகப்படவில்லை, சிவப்பு வயரும் கழறவில்லை, நான் போய்விடத்தான் பார்த்தேன். கோபத்தில் போகிறவளுக்குத் தேநீர் எதற்கு? ஆனால் ஹனிபா நானாவின் மனைவி ரஹ்மா, பின்வாசலில் கதிரை போட்டு, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயைக் கையில் தந்துவிட்டாள். தரும்போது கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. "என்ன புள்ள, கை நடுங்குது?" என்றேன். தொழில் பேச்சு இல்லாமல் ஒரு பெண்ணோடு பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

"சீனி வருத்தம் மிஸ்" என்று சர்க்கரை நோயைச் சொன்னாள். சீனி ஏறினால் கை கால் விறைக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்களாம். அவளுக்கு விறைப்பு இல்லை, எறும்பு ஊர்கிற மாதிரி, சிலநேரம் முழங்கை வரைக்கும் ஒரு சுண்டு. கூடுதலாகக் காலையில்தான். குளிசையைக் கூட்டித் தந்தும் குறையவில்லை. எப்போது தொடங்கியது என்று கேட்டேன். நோன்புக்கு முந்தின மாதம் என்றாள். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வயதான பெண்கள் இருவர் நோய் பேசுகிறோம் என்றுதான் நினைத்தேன். இத்தனைக்கும் அவள் வயதானவள்கூட இல்லை.

பிறகு அவள் சிரித்தாள். அல்லாஹ் தனக்கு ஒரு நாள் மட்டும் லீவு தருகிறான் என்றாள். வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் கழுவுகிற துணியும் அதிகம், ஜும்மாவுக்கு உடுத்த வெள்ளை உடுப்பு எல்லாம் சேரும். எல்லாவற்றையும் அவள்தான் பிழிந்து அவள்தான் காயப்போடுவாள். ஆனாலும் ஒரு சுண்டு இருக்காது. அவள் அதை என்னிடம் ஒரு இரகசியமான சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை மட்டும் கை நல்லா இரிக்கு மிஸ். அது நல்ல நாள்தானே."

கொடிக்கம்பி

ஹனிபா நானா வியாழக்கிழமை பின்னேரம் கராஜின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். சனிக்கிழமை காலையில்தான் மறுபடி போடுவார். வெள்ளிக்கிழமை கராஜிலும் பின்பக்கச் சாய்ப்பிலும் கரண்ட் இல்லை.

கோப்பையைக் கீழே வைத்தேன். ரஹ்மா எழுந்து, "காஞ்சிருக்கும், துணிய எடுத்துப்போட்டு வாறன் மிஸ்" என்று செருப்பில்லாமல் முற்றத்தில் இறங்கினாள். நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. துணி காய்கிற கொடி, கயிறு அல்ல. வெறும் இரும்புக் கம்பி. ஒரு முனை பலா மரத்தில் கட்டியிருந்தது. மறுமுனை, கம்ப்ரஸர் இருக்கிற சாய்ப்பின் தகரக் கூரையில், ஒரு கொக்கியில்.

எப்போதும் பையில் இருக்கிற டெஸ்டரை எடுத்து, செருப்புக் காலோடு போய், கம்பியில் அதன் நுனியை வைத்தேன். கைப்பிடிக்குள் சின்னதாக ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. அந்த வெளிச்சத்தை என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டைக்கும் ஒரு தலையணை உறைக்கும் நடுவில் அது எரிந்து பார்த்ததில்லை. "பாஸ், மெயின நிப்பாட்டுங்க!" என்று நான் போட்ட சத்தத்துக்கு மதரஸாவிலும் ஓதுகிறது நின்றிருக்கும்.

ஏணி வைத்துப் பார்த்தார்கள். இடுக்கு வழியாக இழுத்த கேபிள் தகரத்தின் விளிம்பில் சாய்ந்து கிடந்தது. கம்ப்ரஸர் ஓடுகிற ஒவ்வொரு தடவையும் தகரம் அதிரும். அதிர்ந்து அதிர்ந்து, விளிம்பு கேபிளின் தோலை அறுத்திருந்தது. மிஞ்சிய மெல்லிய தோலுக்கு அடியில் செம்பு மினுங்கியது. கூரை நிற்பது மரக்கட்டையில். கட்டையும் கொடி கட்டிய பலாப்பட்டையும் காய்ந்திருக்கும்போது தகரத்தில் ஏறிய கரண்டுக்கு மண்ணுக்குப் போக வழியில்லை. மீட்டருக்கும் அது தெரியவில்லை. மழைக்கு நனைந்த கட்டை வழியாக அது இறங்கியபோதுதான் ட்ரிப் விழுந்திருக்கிறது. வெயில் நாளில் அதற்கு இருந்த ஒரே வழி, ஈரத் துணியோடு, ஈர நிலத்தில், வெறுங்காலில் நின்ற ரஹ்மா. கேபிளின் தோல் கொஞ்சம் மிஞ்சியிருந்ததால் அது எறும்பாக ஊர்ந்தது. இன்னும் ஒரு நல்ல மழை பெய்து, மிச்சத் தோலும் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாஸ் சொல்லத் தொடங்கினார். நான் கண்ணைக் காட்டினேன். நிறுத்திக்கொண்டார்.

ஹனிபா நானா ஏணியில் இருந்து இறங்கி, அந்த வெட்டுப்பட்ட கேபிள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பலா மரத்துக்குப் போய், குறடு இருந்தும் அதை எடுக்காமல், கையாலேயே கொடிக்கம்பியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். நோன்புக்கு முந்தின மாதம் கம்ப்ரஸரை மாற்றினார். அதே மாதம் அவளுக்குக் கை சுண்டத் தொடங்கியது. ஒரே வீட்டில் ஒரே பாயில் படுக்கிற இரண்டு பேர் அந்த இரண்டையும் ஒருவருக்கொருவர் சேர்த்துச் சொல்லிக்கொள்ளவில்லை. ரஹ்மா அழவில்லை. விழுந்த துணியைப் பொறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு சீனி இல்லையா மிஸ்?"

விழுந்த பிறகு

சீனி இருந்தது. இருக்கிறது. குளிசையை நிறுத்தவேண்டாம் என்றும், அடுத்த கிளினிக்கில் நடந்ததையெல்லாம் டாக்டரிடம் சொல்லவேண்டும் என்றும் சொன்னேன். கம்ப்ரஸருக்குக் கேபிளைச் சுவரோடு குழாய்க்குள் இழுத்து, சாய்ப்புத் தகரத்தையும் எர்த்தோடு இணைத்தோம். கொடிக்கு நைலோன் கயிறு. அந்தச் சிவப்பு வயர்த் துண்டை ஹனிபா நானாவே கழற்றினார். கழற்றியதை எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். போர்டின் கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆணியில் தொங்கவிட்டார். அதன் பிறகு நான் லிஃப்டுக்குக் கோடு வரைந்தேன். லிஃப்ட் வந்து, பூட்டி, முதல் வேன் மேலே போனபோது அவர் அதன் அடியில் நிமிர்ந்து நின்றார். கையை மேலே நீட்டி வேனின் வயிற்றைத் தட்டிக்கூடப் பார்த்தார்.

மழை தொடங்கிய வாரம், ஒரு காலையில் போன் வந்தது. பின்னால் தகரத்தில் மழைச் சத்தம். ஹனிபா நானாவின் குரலில் அவசரம் இருந்தது. கஸ்டமர் யாரோ பக்கத்தில் நின்று சத்தம் போடுவதும் கேட்டது. என் மனம் ஒரு நொடியில் பலாபத்வலைக்குப் போய்த் திரும்பி வந்தது. போய்ப் பார்த்தபோது காரணம் சின்னது. முற்றத்து விளக்கின் மூடிக்குள் மழைத்தண்ணீர். பாஸ் அரைமணி நேரத்தில் சரிப்படுத்திவிட்டார். அதுவரைக்கும் வேன் லிஃப்டின் பூட்டில் ஆடாமல் மேலேயே நின்றது, கஸ்டமர் ரஹ்மாவின் இஞ்சித் தேநீரைக் குடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அந்தப் போனில் கேட்டதைத்தான். எழுதி வைத்திருக்கிறேன்.

"விழுந்துட்டுது மிஸ். ஒருத்தரும் தொடல்ல. வேன் மேலேயே நிக்கட்டும், நீங்க வாங்க."

இத்தனை வருடத்தில் நான் வரைந்த கோடுகளில், ஒரு மனிதன் வேலையை நிறுத்திக் கையைக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது ட்ரிப் சுவிட்சுக்குப் போட்ட இந்த ஒன்றுக்குத்தான், அதையும் அவருக்கு விளங்கப்படுத்தியது என் படம் அல்ல, வாரத்தில் ஒரு நாள் வலிக்காத ஒரு கை.